மேகம் மூடியிருந்தபோது சிக்கிம் ஏரி உடைந்ததை இஸ்ரோ எப்படிப் பார்த்தது? கேமரா மேகத்தை ஊடுருவுமா?

ஊடுருவாது. அன்று பார்த்தது கேமராவே இல்லை, ரேடார்.

லேண்ட்சாட், சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பதிவு செய்கின்றன. மேகம் வந்துவிட்டால் அவற்றுக்கு மேகத்தின் மேற்பரப்புதான் கிடைக்கும். இஸ்ரோவின் ரிசாட்-1ஏ, ஐரோப்பாவின் சென்டினல்-1 இரண்டும் வேறு வகை, ரேடார் செயற்கைக்கோள்கள். தாமே மைக்ரோவேவ் அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர். மேகத்துளியோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அதனால் அலை தடையின்றிக் கடந்துவிடும். இரவானாலும் கவலையில்லை.

ரேடார் நேர்கீழே பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கும். அமைதியான நீர்ப்பரப்பில் பட்ட அலை அப்படியே எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடுவதால், படத்தில் ஏரி கறுப்பாகத் தெரியும். பாறையும் கற்குவியலும் அலையை நாலாபக்கமும் சிதறடிக்கும். அதில் ஒரு பகுதி திரும்பி வருவதால் அவை வெளிறித் தெரியும்.

நீங்கள் கேட்பது தெற்கு லோனக் ஏரி. பனியாறு பின்வாங்கும்போது, தான் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் முன்னாலும் இருபுறமும் மேடாக விட்டுப் போகும். அதுதான் மொரைன். உருகும் நீர் அதற்குப் பின்னால் தேங்கி ஏரியாகிறது. சிமென்ட் கிடையாது, பாறை கிடையாது. வெறும் கல்லும் மண்ணும் உறைபனியும் சேர்ந்த அணை! 1970களின் படங்களில் இந்த ஏரி மிகச் சிறியது. பனியாறு உருக உருக அது பெருத்துக்கொண்டே வந்ததை அடுத்தடுத்த ஆண்டுப் படங்களில் பார்க்கலாம். ஆபத்து தெரியாமல் இல்லை. 2016இல் குழாய் போட்டுத் தண்ணீரை வெளியேற்றவும் முயன்றார்கள்.

2023 அக்டோபர் 3 இரவு, பக்கவாட்டு மொரைன் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. எழுந்த பேரலை முன்கரையை உடைத்துக்கொண்டு தீஸ்தா பள்ளத்தாக்கில் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த நீர்மின் அணையையும் அடித்துச் சென்றது. முதலில் பலரும் மேகவெடிப்பு என்றுதான் நினைத்தார்கள். ஆனால் செப்டம்பர் 28 படத்தில் 167 ஹெக்டேருக்குப் பரவியிருந்த கறுப்பு, அக்டோபர் 4 காலைப் படத்தில் சுமார் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. நூறு ஹெக்டேருக்கு மேல் நீர்ப்பரப்பு காணாமல் போயிருக்கிறது! தொலையுணர்வு எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு படங்களைத்தான்.

நீங்களே பார்க்க ஆசையா? சென்டினல்-1 படங்கள் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் இலவசம். ஒரு எச்சரிக்கை: கறுப்பெல்லாம் தண்ணீர் இல்லை. செங்குத்து மலையின் மறைவில் அலை படாத இடமும் கறுப்பாகவே இருக்கும். காற்றில் அலையடிக்கும் ஏரி வெளிறிப்போய் நிலம்போலத் தெரியும். அதனால் மேகமில்லாத நாளில் எடுத்த சென்டினல்-2 படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏரியின் கரையை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பரப்பை அளப்பது அப்புறம்.