மதுரையில் 22 கடைகள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் மதுரைக்கு வருகிறோம். யூடியூப் பார்த்து 22 கடைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். எதையும் விட மனமில்லை. எங்கே சாப்பிட வேண்டும், என்ன குடிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தர முடியுமா? – வாசகர், ஓசூர்.

பதில்: முடியாது. 22 கடை, இரண்டு நாள். தூங்கும் நேரம் போக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு கடை வருகிறது. சாப்பிட வருகிறவர் போடும் கணக்காக இது தெரியவில்லை. சோப்புக் கம்பெனிக்காரர் கடை கடையாக லைன் போவதைப் போல இருக்கிறது. கூடவே குழந்தைகள் வேறு, பாவம்.

உங்கள் பட்டியலில் கடைப் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது. மணியைக் காணோம். மதுரையில் முக்கால்வாசி விஷயம் அதுதான். பகல் 11 மணிக்குக் கறிதோசை தேடி அலைந்துவிட்டு, "மதுரை முன்ன மாதிரி இல்லை" என்று சலித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். கறிதோசை இரவுச் சமாச்சாரம். இருட்டிய பிறகு சிம்மக்கல் கோனார் கடைப் பக்கம் போங்கள். முடிந்தால் தோசைக்கல்லைப் பார்த்தமாதிரி உட்காருங்கள். ஊத்தப்பம் கனத்துக்கு மாவு விழும். அது வேகும் முன்பே மேலே முட்டை. முட்டை இறுகும் முன்பே வெந்த கறி மசாலாவை அள்ளிப் பரப்பிக் கரண்டியால் ஒரு தட்டு. பிறகு எண்ணெய் விட்டு ஒரே திருப்பு. கறி கல்லில் படுகிற அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் கழுத்தும் திரும்பும். ஒன்று போதும். ஆளுக்கு ரெண்டு என்று சொல்லிவிட்டுப் பாதியை இலையில் வைத்து மூடாதீர்கள்.

மீனாட்சியம்மன் கோயில் நடையைப் பகல் 12.30-க்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கறி என்கிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்; அவர்களுக்கும் சேர்த்து ஊர் பார்த்து வைத்த நேரம் அது. அப்போதுதான் மெஸ்ஸுக்குள் நுழைய வேண்டும். சுக்கா, கோலா உருண்டை, எலும்பு ரோஸ்ட் எல்லாம் நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அயிரை மீன் குழம்பை மட்டும் விட்டுவிட்டீர்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன். ஒவ்வொன்றாகக் குடலெடுத்துக் கழுவ முடியாது. அதனால் உயிரோடு வாங்கி, பாலில் நீந்தவிட்டு, தின்ற மண்ணைக் கக்க வைத்து, அப்புறம்தான் சட்டிக்குப் போகும். விலையைக் கேட்டால் கொஞ்சம் திக்கென்றிருக்கும். இத்தனை பாடுபட்டுச் சமைப்பவர் கேட்கிற விலை அது. முள்ளோடு மென்று விழுங்குங்கள், பயப்பட வேண்டாம்.

சாப்பிட்டு வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஜிகர்தண்டாவுக்கு வேளை வந்துவிட்டது என்று அர்த்தம். பெயரே ஈரலைக் குளிரவைப்பது என்றுதான் சொல்கிறது. ராத்திரி முழுக்க ஊறி உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். பால்தான் விஷயம்: நிறம் மாறும்வரை சுண்டியிருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று வந்தால் ஏமாந்துவிட்டீர்கள். "ஒரிஜினல்" என்று பலகை மாட்டியிருப்பதை நம்பாதீர்கள். எதிர்க் கடையிலும் அதே பலகைதான் தொங்கும். விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் இருக்கிற கடையில் நின்றுகொண்டே குடித்துவிட்டு நிமிர்ந்து அந்த விளக்குத்தூணையும் பாருங்கள். பழைய மதுரைக் கோட்டைச் சுவரை இடித்துத் தெருக்களாக்கிய வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. அவர் அப்படி இடிக்காமல் இருந்திருந்தால் இன்று நீங்கள் சுற்றப்போகிற வெளிவீதியும் மாரட் வீதியும் இல்லை.

கூட்டம் நிற்கிற கடைதான் நல்ல கடை என்று நினைத்து நானும் ஒருமுறை பிரியாணிக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரில் பாதிப்பேர் கையில் கேமரா. பொட்டலத்தைப் பிரித்தால் சோறு ஆறியிருந்தது, கறி மூன்றே துண்டு. அந்தக் கடை உங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், நீங்களே அடித்துவிடுங்கள்.

சாயங்காலத்துக்கு எதுவுமே எழுதவில்லையே, ஏன்? மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பமும் காரச் சட்னியும் அந்நேரத்துக்கு உரியவை. காபியும் அங்கேயே ஆயிற்று. தெற்கே சௌராஷ்டிரக்காரர்கள் வாழும் தெருக்களில் முள்ளு முருங்கை அடை கிடைக்கும். அரிசியோடு அந்த இலையை அரைத்து எண்ணெயில் பொரித்த பச்சை நிற அடை. மேலே பொடி தூவித் தாளில் வைத்துத் தருவார்கள். மேசை நாற்காலி எதிர்பார்க்காதீர்கள்.

ராத்திரி இட்லிக்குத் தனியாகக் கடை சொல்லத் தேவையில்லை. தூங்காநகரம் என்று இன்று போஸ்டர் அடித்துக்கொள்கிறோம். மில்லில் ஷிஃப்ட் முடித்தவர், மார்க்கெட்டில் மூட்டை இறக்கியவர், வெளியூர் பஸ்ஸுக்கு நிற்பவர் என்று இவர்கள் பசிக்காக எரிந்த அடுப்புகள்தான் அந்த ராத்திரிக் கடைகள். நீங்கள் தங்குகிற தெருமுனையில் ஒரு அம்மா இட்லித் துணியை உரிக்கிற நேரமாகப் பார்த்துத் தட்டை நீட்டுங்கள். எத்தனை சட்னி என்று எண்ணுவதை விட்டுவிட்டுச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

என்ன குடிக்கலாம் என்ற கேள்வியில் பாதி பாக்கி இருக்கிறது. ஊருக்குக் கிளம்புகிற அன்று விடிகாலை பஸ் பிடிக்கும் முன்னால் பருத்திப்பால் வண்டியைத் தேடுங்கள். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சியிருப்பார்கள். மேலே வண்டிக்கார அண்ணன் தேங்காய்ப் பூ தூவுவார். இனிப்பு கம்மியாக என்றெல்லாம் கேட்காதீர்கள், அந்த அண்ணனுக்குக் கோபம் வரும்.