குளோரின் 17ஆம் தொகுதியில் இருக்கிறதே, அதற்கு இணைதிற எலக்ட்ரான்கள் 17 ஆகுமா?

இல்லை, 7தான். குளோரினின் அணு எண்ணும் 17 என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடிவிடுகிறது. அணு எண் மொத்த எலக்ட்ரான்களைச் சொல்லும். நமக்கு வேண்டிய இணைதிற எலக்ட்ரான்கள் அணுவின் வெளிக்கூட்டில் இருப்பவை மட்டும்.

தனிம வரிசை அட்டவணையில் தனிமம் நிற்கும் நெடுவரிசையின், அதாவது தொகுதியின், எண்ணைப் பாருங்கள். 1, 2ஆம் தொகுதிகளில் அந்த எண்ணே விடை: சோடியத்துக்கு 1, மக்னீசியத்துக்கு 2. 13 முதல் 18 வரை என்றால் 10ஐக் கழிக்க வேண்டும். பாஸ்பரஸ் 15ஆம் தொகுதி, ஆகவே 5. பழைய அட்டவணைகளில் குளோரின் மேல் 7ஏ என்றிருக்கும். அங்கே கழிக்கத் தேவையில்லை.

கிடைமட்ட வரிசையான தொடரின் எண், எது வெளிக்கூடு என்பதைக் காட்டும். குளோரின் 3ஆம் தொடர். எழுதிச் சரிபாருங்கள்: 2, 8, 7. கூட்டினால் 17.

ஹீலியத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 18ஆம் தொகுதியில் இருந்தாலும் அதனிடம் உள்ளதே 2 எலக்ட்ரான்கள்தான்.

3 முதல் 12 வரையுள்ள இடைநிலைத் தனிமங்களுக்கு இந்தக் கழித்தல் பொருந்தாது. அங்கே உட்கூட்டின் டி துணைக்கூட்டில் (கூட்டின் ஓர் உட்பிரிவு) இருக்கும் எலக்ட்ரான்களும் பிணைப்பில் பங்கேற்கும். இரும்புக்கு 3டி-யில் (3ஆம் கூட்டின் டி துணைக்கூடு) 6, 4எஸ்-இல் (4ஆம் கூட்டின் எஸ் துணைக்கூடு) 2, ஆக 8 என்று எண்ணுவார்கள். துத்தநாகத்தில் டி துணைக்கூடு நிரம்பிவிட்டதால் பொதுவாக 2 மட்டுமே கணக்கு.

இன்னொன்று, இணைதிறனும் (பிணைப்பில் அணு இழக்கும், ஏற்கும் அல்லது பகிரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) இணைதிற எலக்ட்ரான் எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆக்சிஜனிடம் 6 இருக்கின்றன. வெளிக்கூட்டில் எட்டை நிரப்ப இன்னும் 2 தேவை, அதனால் இணைதிறன் 2. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.