சட்டியைக் கொந்தளிக்க விடாதீங்க: சூப் கேள்வி பதில்

மாரி வந்திட்டு. ஆரையம்பதியில எங்கட ஒழுங்கையில வீட்டுக்கு ஒரு ஆள் தடிமனோட படுத்திருக்கு. சூப்பைப் பற்றிக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றன் என்று எழுதியிருந்தன். நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. நான் ஆறு வருஷம் இஸ்ரேலில ஒரு வயசான யூத அம்மாவைப் பராமரிக்கிற வேலை செய்தவள். வெள்ளிக்கிழமை பொழுது பட்டா அவங்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிடும், அடுப்பு மூட்ட மாட்டாங்க. அதனால வெயில் இருக்கும்போதே கோழி சூப் வைச்சு முடிச்சிடுவோம். சூப்பில போடுற மாட்சா ரொட்டித்தூள் உருண்டை அவவிட்டப் படிச்சது. நெருப்பைக் குறைக்கிற பழக்கம் எங்கட பெத்தாவிட்டப் படிச்சது.

கேள்வி (கல்லடி): அக்கா, நான் வைக்கிற சூப் எப்பவும் பால் கலந்த மாதிரிக் கலங்கிப் போகுது. ஏன்?

நெருப்புக் கூடிப் போச்சு மனே. சட்டி கொந்தளிச்சா கொழுப்பு பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணியோட கலந்திடும். மறுகா எத்தனை தரம் வடிச்சாலும் தெளியாது.

1½ கிலோ கோழிக்கு 3 லீட்டர் பச்சைத் தண்ணி விட்டு அடுப்பில வையுங்க. சுடுதண்ணியில கோழியைப் போட வேணாம். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறத்தில நுரை மிதக்கும். அந்த முதல் 20 நிமிஷம் வேற வேலைக்குப் போகாம நின்று, அகப்பையால நுரையை அள்ளி அள்ளி வெளியே ஊத்துங்க. நுரை அடங்கின பிறகுதான் சின்ன வெங்காயம், தட்டின இஞ்சி, உள்ளி, மிளகு, கரட், செலறித் தண்டு எல்லாம். ரம்பை ஒரு துண்டு போட்டா எங்கட வீட்டு வாசம் வந்திடும். பிறகு சட்டி ஓரத்தில ஒன்று ரெண்டு குமிழி மட்டும் வாற அளவுக்கு நெருப்பைக் குறையுங்க. விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்திட்டுத் தணல்ல விடுங்க.

புரொய்லர் சதை முக்கால் மணித்தியாலத்தில வெந்திடும். அதை எடுத்துப் பிய்ச்சு வைச்சிட்டு, எலும்பைத் திரும்பப் போட்டு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் விடுங்க. ஊர்க்கோழி, அதுவும் முட்டை இட்டு ஓய்ஞ்ச கிழட்டுக்கோழி கிடைச்சா முழுசா 3 மணித்தியாலம் வேணும். அந்த ருசிக்கு புரொய்லர் கிட்டவும் வராது. உப்பைக் கடைசியில போடுங்க. தண்ணி வத்தினா முதல்ல போட்ட உப்புக் கரிச்சிடும்.

கேள்வி (செங்கலடி): பிறிட்ஜில வைச்ச சூப் கட்டியாகி ஆடுது. பழுதாப் போச்சா?

இல்லை தங்கச்சி, நல்லா வைச்சிருக்கீங்க! எலும்பிலயும் தோலிலயும் இருக்கிற கொலாஜன் என்ற புரதம் மெல்லக் கரைஞ்சு ஜெலட்டினா மாறியிருக்கு. குளிர்ல உறையும், சூடு காட்டினா உருகும். அப்படி உறையாட்டி அடுத்த முறை கோழிக்கால் ஆறு கழுவிப் போடுங்க.

கேள்வி (களுவாஞ்சிகுடி): தடிமனுக்குக் கோழி சூப் உண்மையிலயே மருந்தா?

12ஆம் நூற்றாண்டில வாழ்ந்த யூத மருத்துவர் மைமோனிடிஸே நோயாளிகளுக்குக் கோழி சூப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில வெளியான ஒரு ஆய்வில, ஆய்வுகூடத்தில வைச்சுப் பார்த்தப்போ தடிமன் நேரம் மூக்கு, தொண்டையில அழற்சி உண்டாக்கிற இரத்த வெள்ளை அணுக்களில ஒரு வகையின் நகர்வைக் கோழி சூப் குறைச்சிருக்கு. அது மனிச உடம்புக்குள்ள செய்த சோதனை இல்லை. சூடான நீராகாரம், ஆவி, உப்பு இதெல்லாம் சுகம் தரும், அது போதும். காய்ச்சல் விடாட்டி டொக்டரிட்டப் போங்க, சூப்பை நம்பி இருக்காதீங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): மாட்சா உருண்டை என்றால் என்ன? இங்க செய்ய ஏலுமா?

மாட்சா என்றது கோதுமை மாவும் தண்ணியும் மட்டும் சேர்த்துச் சுடுற மொறுமொறு ரொட்டி. பாஸ்கா என்ற யூதப் பண்டிகை நாட்களுக்கு அவங்க செய்யும்போது, தண்ணி பட்டதிலயிருந்து 18 நிமிஷத்துக்குள்ள சுட்டு முடிக்கணும். பிந்தினா புளிக்கத் தொடங்கிட்டு என்று கணக்கு. அந்த ரொட்டியை இடிச்ச தூள்லதான் உருண்டை.

தூள் ஒரு கப், முட்டை 4, கோழிக்கொழுப்பு கால் கப், சூப் கால் கப், உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள். கொழுப்புக்கு, கோழித்தோலை வெங்காயத்தோட இளம் சூட்டில உருக்கி வடிச்சு எடுங்க. இல்லாட்டி மரக்கறி எண்ணெய். பட்டர் போட்டா நாங்க சாப்பிடலாம், அந்த அம்மா தொட மாட்டா: இறைச்சியையும் பாலையும் அவங்க கலக்கிறதில்லை. அந்த வீட்டில ரெண்டுக்கும் வேற வேற சட்டி, வேற வேற கரண்டி. முதல் மாதம் நான் பயந்து பயந்துதான் தட்டு எடுப்பன்.

மாட்சா இங்க கிடைக்காட்டி, கோதுமை மாவைத் தண்ணியில குழைச்சுக் காகிதம் மாதிரி மெல்லிசாத் தட்டி, முள்ளுக்கரண்டியால குத்தி, தாச்சியில ஈரம் போக மொறுமொறுவாச் சுட்டு இடிச்சுக்கொள்ளுங்க. கிறீம் கிறக்கர் தூள்லயும் உருண்டை வரும், ருசியாவும் இருக்கும். ஆனா அது ஈஸ்ட் போட்டுச் செய்ற பிஸ்கட், அதை மாட்சா உருண்டை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதில உப்பு இருக்கு, உங்கட உப்பைக் குறையுங்க.

கேள்வி (அதே ஆள், ரெண்டு நாளைக்குப் பிறகு): செய்தன் அக்கா. வெளியே மெது, நடுவில கல்லு.

கலவையை ஒரு மணித்தியாலமாவது பிறிட்ஜில வைச்சீங்களா? காய்ஞ்ச தூள் ஈரத்தைக் குடிக்க நேரம் வேணும். பிறகு கையை நனைச்சு, அழுத்தாம, தேசிக்காயை விடச் சின்னதா உருட்டுங்க. அழுத்தி உருட்டினா கல்லுத்தான். உப்புப் போட்ட தண்ணியில போட்டு, இளம் கொதியில, மூடி போட்டு 35, 40 நிமிஷம். உருண்டை மிதக்கும், ஆவிதான் மேல்பக்கத்தை அவிக்கும், அதனால மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க. ஒன்றை நடுவில வெட்டுங்க: நடுப்பகுதி கடும் மஞ்சளாத் தெரிஞ்சா இன்னும் வேகணும். சூப்பிலயே அவிக்காதீங்க, தூள் கரைஞ்சு தெளிவைக் கெடுக்கும்.

கேள்வி (காத்தான்குடி): அக்கா, நோன்பு திறக்க மாட்டிறைச்சி உருண்டை சூப் வைக்க ஆசை. உருண்டை இறுகிப் போகுது.

அரைச்ச இறைச்சியை மாப்போலப் பிசைஞ்சிருப்பீங்க தங்கச்சி. அரைக் கிலோவுக்கு ஒரு துண்டு பாணைப் பால்ல ஊற வைச்சு மசிச்சு, முட்டை ஒன்று, பொடியா அரிஞ்ச வெங்காயம், புதினா, மிளகு, உப்பு சேர்த்து விரல் நுனியால கலந்தவுடன நிப்பாட்டுங்க. பாண் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். மெக்சிக்கோக்காரர் பாணுக்குப் பதிலாப் பச்சையரிசியைக் கழுவி ஒரு பிடி போடுவாங்க. சூப்பில கிடந்து அரிசி உள்ளேயே வேகும், 40 நிமிஷம் விடணும். அந்த சூப்புக்கு அல்பொண்டிகாஸ் என்று பேர். அந்தச் சொல் அரபியில உருண்டையா இருக்கிற ஹேசல் கொட்டையைச் சொல்ற 'அல் புந்துக்'கில இருந்து ஸ்பெயின் வழியாப் போனது.

கேள்வி (மட்டக்களப்பு நகரம்): நாங்க மாடு சாப்பிடுறதில்லை.

கோழித் தொடை இறைச்சியை அரைச்சு அதே கணக்கில செய்யுங்க. நெஞ்சு இறைச்சி காய்ஞ்சு போகும்.

கேள்வி (திருக்கோவில்): இரவு அடுப்பிலேயே சூப்பை விட்டிட்டன். காலையில கொதிக்க வைச்சுக் குடிக்கலாமா?

வெளியே ஊத்திடுங்க மனே, அதுவும் பிள்ளைக்கென்று வைச்சதெண்டா யோசிக்கவே வேணாம். எங்கட வெக்கையில சூப் இளஞ்சூட்டோட கிடந்தா கிருமி பெருகும். சில கிருமி விடுற நஞ்சு கொதியிலயும் அழியாது. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிறிட்ஜுக்குப் போகணும். பெரிய சட்டி ஆற நேரம் எடுக்கும். தட்டையான சின்னப் பாத்திரங்களில பிரிச்சு, பச்சைத்தண்ணி நிறைஞ்ச பேசினுக்குள்ள வைச்சுக் கிண்டி விடுங்க, அரை மணித்தியாலத்தில ஆறிடும். மூணு நாளைக்கு மேல வேணுமெண்டா பிறீசர்ல வையுங்க, உருண்டையையும் சூப்பையும் வேற வேறயா.