ரிசால் சீனரா, பிலிப்பினோவா? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில், ஸ்பெயின் ஆண்ட காலத்து பிலிப்பைன்ஸ் தேசிய இயக்கம், அதை நடத்தியவர்களின் குடும்ப வேர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: பிலிப்பைன்ஸின் தேசிய வீரரும் நாவலாசிரியருமான ஹோசே ரிசாலை 'மலாய் இனத்தின் பெருமை' என்கிறார்கள். இன்னொரு பக்கம் அவர் சீன வம்சாவளி என்றும் படித்தேன். எது சரி?

இரண்டுமே சரிதான். தந்தை வழியில் பாட்டன், பூட்டனைத் தாண்டி ஓட்டன் வரை போனால் லாம்-கோ என்ற பெயர் வருகிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து மணிலாவுக்கு வந்தவர். 1697-ல் சீனர் குடியிருப்பான பரியானில் ஞானஸ்நானம் பெற்று டொமிங்கோ ஆனார். இனெஸ் டி லா ரோசா என்ற சீனக் கலப்பினப் பெண்ணை மணந்து, லகூனா மாகாணத்து பீன்யானில், டொமினிக்கன் துறவிகளின் பண்ணை நிலத்தில் குடியேறினார். சந்தை என்று பொருள்படும் 'மெர்க்காடோ' அந்தக் குடும்பத்தின் பெயரானது. தாய் வழியில் உள்ளூர், சீனம், ஸ்பானியம் மூன்றும் கலந்திருக்கின்றன. ஜப்பானியத் தொடர்பும் சொல்லப்படுகிறது; அதற்குச் சான்று வலுவில்லை.

ஆனால் 1861 ஜூன் 19-ல் ரிசால் பிறந்தபோது அரசுப் பதிவேட்டில் அந்தக் குடும்பம் சீனக் கலப்பினமாக இல்லை. முன்னோர் காலத்திலேயே 'இந்தியோ' பட்டியலுக்கு, அதாவது உள்ளூர்க் குடிகள் பட்டியலுக்கு, மாறிவிட்டது. 1896 டிசம்பர் 29 அன்று மரண தண்டனை அறிவிப்பை அவரிடம் நீட்டியபோது அதில் 'சீன மெஸ்தீசோ', அதாவது சீனக் கலப்பினம், என்று எழுதியிருந்தது. அவர் அதை மறுத்து, தான் கலப்பற்ற இந்தியோ என்றார். ரத்தத்தைப் பார்த்தால் அது பொருந்தாது; பதிவேட்டைப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. மறுநாள் காலை சுட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: மெஸ்தீசோ என்றால் ஸ்பானியக் கலப்பு என்றுதானே பொருள்?

இன்றைய பேச்சு வழக்கில், சிவந்த நிறமும் எடுப்பான மூக்கும் உள்ளவரைச் சொல்லும்போது, ஆமாம். 19-ஆம் நூற்றாண்டில் அப்படியில்லை. வெறுமனே 'மெஸ்தீசோ' என்று எழுதினால் பெரும்பாலும் சீனக் கலப்பினரையே குறிக்கும். ஸ்பானியர் மிகக் குறைவு, அதனால் அவர்களுடைய கலப்பும் குறைவு. சீனக் கலப்பினரோ 1810 வாக்கில் சுமார் 1,20,000 பேர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 சதவீதம்.

இது வரி வசூலுக்காக ஏற்பட்ட பிரிவு என்பதை மறந்தால் எல்லாமே குழம்பிப் போகும். ஸ்பானியரும் ஸ்பானியக் கலப்பினரும் தலைவரி கட்ட வேண்டாம். இந்தியோ கட்ட வேண்டும். சீன மெஸ்தீசோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கட்ட வேண்டும். 'சாங்லே' எனப்பட்ட சீனர் அதற்கும் மேல். ஓர் ஊரில் மெஸ்தீசோக்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால் அவர்களுக்கெனத் தனிச் சங்கமும் தனித் தலைவரும் உண்டு; திருவிழா ஊர்வலத்தில் யார் முன்னே போவது என்று இந்தியோ சங்கத்தோடு சண்டையும் உண்டு.

பட்டியல் எப்படித் தலைமுறை தாண்டியது? தந்தை சீனர், தாய் உள்ளூர்க்காரர் என்றால் பிள்ளை மெஸ்தீசோ. மெஸ்தீசோ ஆண் யாரைக் கட்டினாலும் அவன் வாரிசுகள் மெஸ்தீசோவே. மெஸ்தீசா பெண் இந்தியோவைக் கட்டினால் அவளும் பிள்ளைகளும் இந்தியோ பட்டியலுக்குப் போய்விடுவார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் வீடு ஒரு பட்டியலிலும் தங்கை வீடு இன்னொரு பட்டியலிலும் இருப்பது சர்வ சாதாரணம். வரி பாதியாகும் என்பதற்காக மனுக் கொடுத்து மாறியவர்களும் உண்டு. ஆகவே ஒரு தலைவரைப் பற்றி 'அவர் என்ன இனம்' என்று கேட்பதைவிட, 'அவர் வீடு எந்த ஆண்டில் எந்தப் பட்டியலில் இருந்தது' என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கிடைப்பது வாக்குவாதம். இரண்டாவதற்கு ஆவணம் கிடைக்கும்.

1880-களில் தலைவரி போய் அடையாளச் சீட்டு முறை வந்ததும் இந்தியோ, மெஸ்தீசோ என்று பிரித்து வைக்க அரசுக்கே காரணம் இல்லாமல் போயிற்று. தேசிய இயக்கம் சூடு பிடித்ததும் அதே பத்தாண்டுகளில்தான்.

கேள்வி: சாந்தோஸ், ரெயெஸ், க்ரூஸ் என்றே பெயர்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லாரும் ஸ்பானிய வம்சமா?

இல்லை. 1849 நவம்பரில் ஆளுநர் கிளாவெரியா ஓர் ஆணை போட்டார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பெயர் இருந்தால் வரிக் கணக்கு எழுத முடியாது. அதனால் சுமார் 60,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியலை அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பி, குடும்பத்துக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். சில ஊர்களுக்குப் பட்டியலின் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்தது. அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் 'ர' ஒலியில் தொடங்கும் பெயர்கள் மொய்ப்பது அதனால்தான். நான்கு தலைமுறையாக ஒரு பெயரை வைத்திருந்தவர்கள் அதையே தொடரலாம் என்ற விலக்கும் இருந்தது.

மெர்க்காடோ வீட்டுக்கு 'ரிசால்' வந்து சேர்ந்ததும் இந்த ஆணையை ஒட்டித்தான். சீன அடையாளம் தேடுகிறவர்கள் பெயரின் வாலைப் பாருங்கள்: கொஹுவாங்கோ, தன்தோகோ போன்றவற்றின் கடைசி 'கோ', ஃபூஜியன் பேச்சில் அண்ணன் என்ற மரியாதைச் சொல். அண்ணனைப் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டதை எழுத்தர் முழுப் பெயராகவே எழுதிவிட்டார்.

கேள்வி: ரிசாலின் தேசப்பற்றுக்கு அவருடைய தாய்தான் காரணம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. மிகையா?

தாயை மட்டும் சொன்னால் மிகைதான். தியோடோரா அலோன்சோ மணிலாவில் சாந்தா ரோசா கல்லூரியில் படித்தவர். அந்தக் காலத்தில் அப்படிப் படித்த பெண்கள் மிகச் சிலர். 11 பிள்ளைகளில் 7-ஆவதான ஹோசேக்கு எழுத்தும் ஜெபமும் அவரே சொல்லிக் கொடுத்தார். வீட்டில் நல்ல நூலகமும் இருந்தது. இதெல்லாம் படிப்பாளியை உருவாக்கும். கலகக்காரனை உருவாக்க வேண்டியதில்லை.

திருப்பம், மகனுக்குப் பத்து வயதை ஒட்டி வந்தது. தம்பி மனைவிக்கு விஷம் வைக்க உடந்தையாக இருந்தார் என்ற பொய்க் குற்றச்சாட்டில் தியோடோராவைக் கைது செய்து, சொந்த ஊரான கலாம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா க்ரூஸ் வரை சுமார் 50 கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போனார்கள். இரண்டரை ஆண்டு சிறை. பல தலைமுறையாக ஊரில் மதிப்போடு வாழ்ந்த, ஸ்பானிய அதிகாரிகளுக்கே வீட்டில் விருந்து வைத்த குடும்பம் அது. சொத்தும் படிப்பும் ஒரு காவலர் உத்தரவின் முன் ஒன்றுக்கும் உதவாது என்று வீடே புரிந்துகொண்டது.

என் கணிப்பில், தாயைவிட அண்ணன் பசியானோவுக்குப் பாடநூல்கள் பட்ட கடன் அதிகம். ஹோசேயைவிடப் பத்து வயது மூத்தவர். படிக்கும்போது பாதிரியார் ஹோசே புர்கோஸ் வீட்டில் தங்கியிருந்தார். கவீத்தே படைக்கொட்டில் கலகத்தைச் சாக்காக வைத்து 1872 பிப்ரவரி 17-ல் புர்கோஸ், கோமெஸ், சமோரா ஆகிய மூன்று பாதிரியார்களையும் கழுத்தை நெரிக்கும் கருவியில் கொன்றதும் பசியானோ மீது கண் விழுந்தது. தம்பியைப் பள்ளியில் சேர்க்கும்போது மெர்க்காடோவை விட்டு 'ரிசால்' என்று கொடுக்கச் சொன்னார். 1882-ல் பெற்றோருக்குத் தெரியாமல் தம்பியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, கலாம்பா நிலத்திலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பியவரும் அவரே. கரும்பு விலை விழுந்தபோது அந்தத் தொகையும் குறைந்தது. பெர்லினில் 1887-ல் முதல் நாவலை 2,000 பிரதி அச்சிட ரிசாலிடம் காசில்லை. நண்பர் மாக்ஸிமோ வியோலா 300 பெசோ கடன் கொடுத்துத்தான் புத்தகம் வெளிவந்தது.

தாய்மாரைப் பற்றி ரிசாலே எழுதியதைப் பார்க்க வேண்டுமானால் மாலோலோஸ் பெண்களுக்கு 1889 பிப்ரவரியில் லண்டனிலிருந்து, மணிலாப் பகுதியின் தகாலோக் மொழியில் எழுதிய கடிதத்தைப் படியுங்கள். 1888 டிசம்பர் 12-ல் அந்த ஊர் இளம்பெண்கள் 20 பேர், ஸ்பானிய மொழி படிக்க இரவுப் பள்ளி வேண்டும் என்று ஆளுநர் வெய்லரிடம் நேரிலேயே மனுக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் சீன மெஸ்தீசோ வீட்டுப் பெண்கள். ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார். ஆனாலும் பள்ளி தொடங்கியது. சில மாதங்களில் மூடப்பட்டது. அவர்களைப் பாராட்டும் அந்தக் கடிதத்தில், அடிமை மனம் பிள்ளைக்குத் தாய் மடியிலேயே பழகிவிடுகிறது என்ற கண்டிப்பும் இருக்கிறது. பாராட்டை மட்டும் எடுத்துக்காட்டுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: சீன வேர் உள்ளவர்கள் தலைமை தாங்கிய இயக்கம் சீனர்களிடம் அன்பாக இருந்ததா?

இல்லை. இந்தப் பொருளிலேயே சங்கடமான பகுதி இது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கிறிஸ்தவரல்லாத சீனர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் விட்ட சில்லறை, மொத்த வணிகத்தை மெஸ்தீசோக்கள் பிடித்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனர் வருகைக்கு மறுபடி கதவு திறந்தது. போட்டி தாங்காமல் மெஸ்தீசோக்கள் கடையை விட்டு நிலத்துக்கு நகர்ந்தார்கள்: கரும்பு, நெல், துறவிகளின் பண்ணைக் குத்தகை. புதிதாக வந்த சீனரிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டும் தேவை அவர்களுக்கு வந்தது. 'நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள்' என்ற பேச்சுக்கு அதுவும் ஓர் ஊற்று. நாடு கடத்தப்பட்டு தபித்தானில் இருந்தபோது, சீனர் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து ரிசால் கடிதம் எழுதியிருக்கிறார்.

எதிர் உதாரணமும் உண்டு. ஃபூஜியனில் பிறந்த முழுச் சீனரான இக்னாசியோ பாவா, ஸ்பெயினை எதிர்த்த புரட்சியின் தலைவர் அகினால்டோவின் படையில் தளபதியானார். அகினால்டோவே சீன மெஸ்தீசோ குடும்பம்.

கேள்வி: அப்படியானால் இது நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைகளின் இயக்கம்தானே?

ஐரோப்பாவில் பத்திரிகை நடத்திய பகுதி, பெரும்பாலும் ஆமாம். 1834-ல் மணிலா துறைமுகம் உலக வணிகத்துக்குத் திறந்து, சர்க்கரையில் காசு பார்த்த வீடுகளே பிள்ளையைக் கப்பலேற்ற முடிந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் வந்து பயணமும் சுருங்கியது. ஆனால் கலாம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசால் குடும்பம் அங்கே பெரிய குத்தகைதாரர்; நிலத்தின் சொந்தக்காரர் டொமினிக்கன் சபை. குத்தகை உயர்வை எதிர்த்து வழக்காடித் தோற்று, 1890, 1891-ல் ராணுவத்தை வைத்து வெளியேற்றப்பட்டவர்களில் சிறு விவசாயிகளும் இருந்தார்கள், ரிசால் குடும்பமும் இருந்தது.

1892 ஜூலையில் கத்திபூனான் என்ற ரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கிய பொனிஃபாசியோ, மணிலாவின் தொண்டோ பகுதி ஏழைப் பிள்ளை; கைத்தடியும் காகித விசிறியும் விற்று, பிறகு கிடங்கில் வேலை பார்த்தவர். அவருடைய தாய் ஸ்பானியக் கலப்பினம். கலப்பு ரத்தம் என்றாலே பணக்காரர் என்ற கணக்கு இங்கே உடைகிறது. அப்போலினாரியோ மபீனி, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியின் மகன். சட்டம் படித்து, கால்கள் செயலிழந்த பின்னும் 1899-ல் அகினால்டோவின் அரசில் முதல் பிரதமரானார்.

கேள்வி: 'பிலிப்பினோ' என்ற சொல் எப்போது எல்லாருக்கும் பொதுவானது?

முதலில் அது அந்தத் தீவுகளில் பிறந்த ஸ்பானியரை மட்டுமே குறித்தது. புர்கோஸ் காலத்தில் உள்ளூர்ப் பாதிரியார்கள் எல்லாரையும் சேர்க்கத் தொடங்கியது. 1872-ல் கொல்லப்பட்ட மூன்று பாதிரியார்களில் புர்கோஸ் ஸ்பானியக் கலப்பு, கோமெஸ் சீனக் கலப்பு. ஒரே மேடையில் கொல்லப்பட்ட பின் அந்த வேறுபாட்டுக்கு மதிப்பில்லாமல் போனது. கத்திபூனானோ ஸ்பெயின் மன்னர் பெயரிலிருந்து வந்த அந்தச் சொல்லையே ஒதுக்கி, தீவுகளில் பிறந்த அனைவரும், விசாயரும் இலோகானோவும் உட்பட, 'தகாலோக்' என்றது. தகாலோக் அல்லாதவர்களுக்கு அது இனித்திருக்காது.

புரட்சி அரசின் 1899 மாலோலோஸ் அரசியல் சட்டம், அந்த மண்ணில் பிறந்தவர்கள் அனைவரும் பிலிப்பினோக்கள் என்றது. 1935 சட்டம் அதை மாற்றி, தந்தையின் குடியுரிமையை அளவுகோலாக்கியது. தாய் மட்டும் பிலிப்பினோ என்றால் பிள்ளை வயது வந்ததும் தானே தேர்ந்துகொள்ள வேண்டும். தாய்க்குச் சம உரிமை 1973-ல்தான் வந்தது.

கேள்வி: பிலிப்பைன்ஸ் குடும்பம் ஒன்றின் கலப்பு வேரை ஆவணத்தில் தேட என்ன வழி?

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் அரசுப் பிறப்பு, திருமணச் சான்றுகள். இன்றைய பதிவுச் சட்டம் 1931-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். பலவற்றின் நுண்படச் சுருள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு மணிலா தேசிய ஆவணக் காப்பகத்தின் குடிக்கணக்கு ஏடுகள்.

பலர் வழுக்கி விழுவது 1849-ல். ஆணைக்கு முன் குடும்பப் பெயர் வேறு என்பதால் பெயரை வைத்துத் தேடினால் நூல் அறுந்துவிடும். அங்கே ஞானப்பெயர், ஊர், துணைவர் பெயர், பதிவில் இருக்கும் பராங்காய் (ஊரின் சிறு பிரிவு) தலைவரின் பெயர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பொருத்துங்கள். அவற்றில் குறைந்தது மூன்று பொருந்தாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள். 'மெஸ்தீசோ சாங்லே', 'இந்தியோ' என்ற குறிப்பு ஒரு பதிவில் இருப்பதைக் கொண்டு முடிவு கட்ட வேண்டாம். அடுத்த பிள்ளையின் பதிவில் மாறியிருக்கலாம். மணிலா நகரப் பதிவுகளில் பல 1945 போரில் அழிந்தன. அப்படிப்பட்ட இடத்தில் பெண் வீட்டு ஊரின் திருமணப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கல்யாணம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். மாப்பிள்ளையின் பெற்றோர் பெயரும் ஊரும் அதில் எழுதப்பட்டிருக்கும்.