இருமலுக்கு எத்தனை புள்ளி?

கேள்வி: ஞாயிறுதோறும் நுவரெலியாவில் நண்பர் ஒருவரோடு கோல்ஃப் ஆடுகிறேன். நான் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்து அவர் இருமுகிறார். குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் பந்துகளை, “போதும், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று முதல் பாதி முழுக்க விட்டுக்கொடுக்கிறார். கடைசி இரண்டு குழிகளில் மட்டும் வாயே திறப்பதில்லை. பை தூக்கும் கேடி வேறு சிரிக்கிறார். இது விளையாட்டா, வில்லத்தனமா?
(பெயர் வேண்டாம், தலவாக்கலை)

பதில்: நீங்கள் ‘நுவரேலியா’ என்று எழுதியிருந்ததைத் திருத்திவிட்டேன். இந்த வருடத்தில் மட்டும் எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டாயிற்று.

இனி அந்த இருமல். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே, பனி விலகாத புல்லில் காலையில் வந்து நிற்கிற மனிதன் இருமாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். கொழும்பில் ஒருவர் சமயம் பார்த்து இருமினால் அது திட்டம். இங்கே அது காலநிலை. எந்த நீதவான் முன் கொண்டுபோய் நிறுத்தினாலும், உங்கள் நண்பர் கழுத்து மப்ளரைக் காட்டிவிட்டு விடுதலையாகி வந்துவிடுவார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் பதுளை வாசகர் ஒருவரோடு எனக்குள்ள வழக்கு தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கல்யாண வீட்டில், முதல்நாள் இரவு, பாயில் உட்கார்ந்து 304 என்ற சீட்டாட்டம் ஆடினோம். அந்த ஆட்டத்தில் துரும்பைக் கவிழ்த்து வைப்பார்கள், வைத்தவருக்கு மட்டும்தான் அது என்ன இனம் என்று தெரியும். அன்றைக்கு வைத்தவர் பதுளைக்காரர். வைத்த கையோடு இரண்டு தடவை இருமினார். எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு கிளாவரை இறக்கினார். அடுத்த கையில் ஒரே இருமல், ஆட்டின் இறங்கியது. இதைப் பெயர் போடாமல் இங்கே எழுதினேன். “அது சளி ஐயா, சைகை இல்லை” என்று மூன்று கடிதம் வந்தது. மூன்றாவதோடு மருந்துக்கடை பில்லின் நகலும் இருந்தது. பில்லின் தேதி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் பிந்தியது.

சரி, கோல்ஃபுக்கு வருவோம். மற்றவர் ஆடும்போது இடைஞ்சல் செய்யக்கூடாது என்று அந்த விதிப்புத்தகத்தின் முதல் விதியிலேயே இருக்கிறது. ஆனால் சளியையும் சதியையும் பிரித்துப் பார்க்கும் கருவி எதையும் அந்தப் புத்தகம் தரவில்லை.

உங்கள் நண்பரின் உண்மையான ஆயுதம் இருமலும் அல்ல, அந்த “எடுத்துக்கொள்ளுங்கள்”தான். அடுத்த அடியை அடிக்காமலேயே பந்து குழிக்குள் விழுந்ததாகக் கணக்கு. அது மொய். யாரும் சும்மா எழுதுவதில்லை, எங்கோ ஒரு நோட்டில் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். காலையிலிருந்து, குழிக்கு இரண்டடி தூரத்தில் கிடக்கும் பந்து ஒன்றையாவது நீங்கள் குழிக்குள் தட்டியிருக்கிறீர்களா? இல்லை. 17வது குழியில் அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்த இரண்டடி உங்கள் கண்ணுக்கு இருபதடியாகத் தெரியும். கை நடுங்கும். அவர் இருமக்கூட வேண்டியதில்லை.

கணக்கு வைக்காமல் விட்டுக்கொடுத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்க அணியும் பிரிட்டிஷ் அணியும் மோதிய 1969 ரைடர் கிண்ண கோல்ஃப் போட்டியில், கடைசி ஆட்டத்தின் கடைசிக் குழியில், ஜாக் நிக்லஸ் எதிராளி டோனி ஜாக்லினின் குழியருகே கிடந்த பந்தை விட்டுக்கொடுத்தார். போட்டி 16-16 என்று சமநிலையில் முடிந்தது. அதே நிக்லஸுக்கு, இரண்டு வருடம் கழித்து அமெரிக்க ஓப்பனில், லீ ட்ரெவினோ பையிலிருந்து ரப்பர் பாம்பை எடுத்துக் காட்டினார். சமநிலையை உடைக்க ஆடிய ஆட்டம், முதல் குழியில் இன்னும் பந்தையே அடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நிக்லஸும் சிரித்தார். முடிவில் ட்ரெவினோ 68 அடி, நிக்லஸ் 71. குறைவாக அடித்த ட்ரெவினோவுக்கே வெற்றி.

நமக்கு ரப்பர் பாம்பெல்லாம் வீண்செலவு. மட்டையை ஓங்கும்போது, “சார், கால்ல அட்டை” என்றால் போதும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருடைய கண்ணும் பந்தில் நிற்காது.

மேகம் கறுத்தால் இன்னும் வசதி. 1889-ல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகத்தின் மைதானத்திலேயே மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறவர். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது ஊர்க்கதை. கையில் இரும்புத் தடியோடு நிற்பவனிடம், முதல் இடி கேட்டதும் இந்தக் கதையை மெதுவாக ஆரம்பிக்கிறவரை எந்த விதியால் தண்டிப்பது? வரலாறுதானே சொல்கிறார்!

கேடி சிரித்தது பற்றி: பை தூக்குகிறவரும் கேடி, பொலிஸ் பட்டியலில் இருப்பவனும் கேடி. இரண்டு சொல்லும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான். உங்கள் கடிதத்தில் முதலாமவர் சிரித்திருக்கிறார், இரண்டாமவர் இருமியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விட்டுக்கொடுத்த பந்தை வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது, கொடுத்தவர் திரும்ப வாங்கவும் முடியாது, விதி அப்படி. வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குழி முடிந்ததும் அதே இடத்தில் பந்தை வைத்துத் தட்டிப் பாருங்கள். முடிந்த குழியில் பழகிப் பார்க்க அனுமதி உண்டு. 17வதுக்கு வரும்போது கை பழகியிருக்கும்.

இருமலுக்கு, வரும் ஞாயிறு ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கொத்தமல்லித் தண்ணி கொண்டுபோங்கள், இஞ்சி கூடுதலாகத் தட்டிப் போட்டு. முதல் பந்தை அடிக்குமுன், நாலு பேர் பார்க்க, கோப்பையில் ஊற்றி அவர் கையில் கொடுத்து, “போன கிழமை முழுக்க இருமினீங்க, வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை” என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் எப்படி இருமுவார்?

பதுளைக்கும் ஒரு ஃபிளாஸ்க் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.