ஓரிகன் குழு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓரிகன் அமெரிக்க மாநிலத்தின் பெயராயிற்றே?

அதேதான், அந்தப் பெயரை வைத்துக்கொண்ட அமெரிக்க ஜாஸ் இசைக்குழு இது. கிட்டார் வாசித்த ரால்ஃப் டவுனரும் பாஸ் (கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம்) வாசித்த கிளென் மூரும் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பழக்கமானவர்கள். பின்னாளில் பால் வின்டர் கன்சார்ட் குழுவில் வாசித்தபோது, அங்கே இருந்த ஓபோக்காரர் பால் மெக்காண்ட்லெஸ், சிதாரும் தபலாவும் வாசித்த காலின் வால்காட் இருவரோடும் சேர்ந்து 1970 வாக்கில் தனியாகக் கிளம்பினார்கள்.

கேள்வி: நாதஸ்வரம் கற்கிறேன். மெக்காண்ட்லெஸின் ஓபோ நமக்கு உறவா?

தூரத்து உறவு. ஓபோ மேற்கத்திய ஊதுகுழல் வாத்தியம். நம் சீவாளி போல அதற்கும் இரட்டை நாக்கு, ஆனால் ரொம்பச் சின்னது. துவாரம் குறுகல் என்பதால் மூச்சு தீர்வதில்லை, உள்ளேயே தேங்கித் திணறடிக்கும். அதை வைத்துக்கொண்டு ஜாஸில் மனோதர்மம் வாசிப்பவர்கள் அபூர்வம்.

கேள்வி: ஜாஸில் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிக்கொண்டே இருக்கும். சிதார் எப்படி ஒத்துப்போகிறது?

எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. சிதாரின் தரப் தந்திகள் (மீட்டாமலே கூட அதிரும் அடித்தந்திகள்) ராகத்துக்கு ஏற்பச் சுருதி சேர்த்தவை. கீழே கார்டு மாறினால் அவை பழைய ஸ்வரத்தையே முனகிக்கொண்டிருக்கும். ஆதார ஸ்வரம் அசையாமல் நிற்கும் பாட்டில்தான் சிதார் பொருந்தும். மற்ற இடங்களில் வால்காட்டுக்குத் தபலா இருக்கவே இருக்கிறது. அப்புறம், டவுனரின் 12 தந்தி கிட்டார். தந்திகள் 6 ஜோடி, அவற்றில் கனத்த 4 ஜோடிகளில் ஒன்றுக்கொன்று ஒரு ஸ்தாயி வித்தியாசம். அந்த ரீங்காரம் பாதித் தம்புரா மாதிரி. சிதார் அதோடு ஒட்டிக்கொள்கிறது. சிதாரைக் காட்டினாலே கலவை இசை என்று பலர் நினைத்த காலத்தில் இப்படி இடம் பார்த்து வாசித்தது பெரிய நிதானம்.

கேள்வி: வால்காட் முறையாகக் கற்றவரா?

ஆமாம். சிதார் ரவிசங்கரிடம், தபலா அல்லா ரக்காவிடம். அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன்தான், இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு வாசித்தவர்.

கேள்வி: அப்படியானால் சக்தியும் ஓரிகனும் ஒரே ரகமா?

இல்லை. சக்தியில் ராகமும் தாளமும்தான் தரை. ஓரிகனில் டவுனர் எழுதிய மெட்டுகள் தரை. சில நேரம் அதுவும் கிடையாது: எதுவும் பேசி வைத்துக்கொள்ளாமல் நால்வரும் மேடையில் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் இழுத்த ஸ்வரத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்டு போவார். சில முறை எங்கும் போய்ச் சேராது. எனக்கு அதுவும் பிடிக்கும்.

கேள்வி: வால்காட் என்ன ஆனார்?

1984 நவம்பரில் கிழக்கு ஜெர்மனிச் சுற்றுப்பயணத்தில் சாலை விபத்தில் இறந்தார். வயது 39. பிறகு அந்த இடத்துக்குத் தாள வாத்தியக்காரர் திரிலோக் குர்து வந்தார்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

'மியூசிக் ஆஃப் அனதர் பிரசன்ட் எரா' என்ற ஆல்பத்திலிருந்து. பஸ்ஸில் மட்டும் கேட்காதீர்கள், மூரின் பாஸ் இரைச்சலில் காணாமல் போய்விடும்.