பழைய ஹிமாலயனா, புதுசா? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கில் பழைய 411 சிசி வண்டியை வாங்குவதா, புது 450-க்குப் பணம் கட்டுவதா என்று நம் பக்கத்து ஆட்கள் விடாமல் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன். நான் இரண்டையும் கழற்றி மாட்டுகிற ஆள், விற்கிற ஆள் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, 2017 மாடல் ஹிமாலயன் ஒன்று வருகிறது. ஒரே ஓனர், விலையும் படிகிறது. நடுவழியில் நிறுத்திவிடுமா? பேசாமல் 450-யே புக் பண்ணிவிடவா?

2017-ல் முன்பாதியா பின்பாதியா என்று முதலில் கேளுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 1 முதல் பிஎஸ்3 (பழைய புகை விதி) வண்டி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அதற்கு முன் வந்தது கார்புரேட்டர் வண்டி. அப்புறம் வந்த பிஎஸ்4-ல் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற ஏற்பாடு. ஹேண்டில்பாரில் சோக் லிவர் இருக்கிறதே என்று பார்த்து ஏமாறாதீர்கள், இன்ஜெக்ஷன் வண்டியிலும் அப்படி ஒரு லிவர் உண்டு. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் ‘உய்ங்’ என்று ஓடி நின்றால் இன்ஜெக்ஷன். ஆர்.சி.யிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016-ல் வந்த முதல் வண்டிகளில் கிளட்ச், கோன் செட் (ஹேண்டில் கழுத்துப் பேரிங்), ஓடும்போதே ஆஃப் ஆவது என்று புகார் வந்தது ஊரறிந்த கதை. பின்னால் வந்தவற்றில் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வந்தார்கள். 2018-ல் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) வந்தது. 2020 பிஎஸ்6-ல் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் நிறுத்திக்கொள்ள ஸ்விட்ச் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், பழசு வாங்குகிறவர் 2019-க்குப் பிந்தியதைத் தேட வேண்டும். கார்புரேட்டர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை கையில் ஸ்பேனரோடு உட்காரப் பிடிக்கிறவர்களுக்கு மட்டும்தான்.

நடுவழியில் நிற்குமா என்று கேட்டீர்கள். 411 சின்னச் சின்னதாக அடிக்கடி படுத்தும், ஆனால் அநேகமாக எந்தப் பட்டறையிலும் எழுந்துவிடும். காற்றிலும் ஆயிலிலும் குளிரும் ஒற்றை சிலிண்டர், மேலே வால்வைத் திறக்க ஒரே கேம் தண்டு, ஸ்குரூவைத் திருப்பி டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்கலாம். 450 அப்படி இல்லை. ரேடியேட்டர், இரட்டை கேம், கேபிளுக்குப் பதில் மின்சாரத்தில் வேலை செய்யும் த்ராட்டில் (ஆக்சிலேட்டர்). சாதாரணமாகத் தகராறு பண்ணாது. பண்ணினால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் வண்டி போக வேண்டும், அதுவும் சில சமயம் லோடு ஆட்டோவில். நீங்கள் பாளையங்கோட்டையில் இருப்பதால் ஷோரூம் பக்கம், 450-க்குப் பயப்பட வேண்டாம். களக்காட்டுக்கு அந்தப் பக்கம் தோப்பில் குடியிருக்கிறவருக்கு என் பதில் வேறு.

அம்பாசமுத்திரத்திலிருந்து: பழைய வண்டி பார்க்கப் போகிறேன். எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?

முதலில் இன்ஜினைத் தொடுங்கள். ‘நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள்’ என்று ஓனரிடம் போனிலேயே சொல்லிவிட்டுப் போங்கள். போய்த் தொட்டால் சூடாக இருக்கிறதா? அவர் எதையோ மறைக்கிறார்.

அப்புறம் கோன் செட். இந்த வண்டியின் பலவீனமே அதுதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கூட வந்தவரைப் பின்னால் கேரியரை அமுக்கச் சொல்லுங்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும். ஒரே விரலால் ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்லத் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் ‘டக்’கென்று பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் இருந்தால் வெறுமனே டைட் பண்ணித் தீராது, மாற்ற வேண்டும். மாற்றுவது பெரிய செலவும் இல்லை, விலையில் குறைத்துக் கேட்டுவிடலாம்.

ஸ்போக்கை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ‘டிங்’ என்று கேட்க வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு மொத்தென்று கேட்டால் லூசு. இன்ஜினுக்குக் கீழே உள்ள தகட்டில் கீறல் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது. ஹேண்டில் கழுத்துப் பக்கம் ஃபிரேம் வெல்டிங்கில் புதுப் பெயின்ட் தெரிந்தால் மட்டும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வள்ளியூரிலிருந்து: வாரா வாரம் மதுரைக்கு நான்கு வழிச்சாலையில் போகிறேன். 411 தாங்குமா?

தாங்கும், நீங்கள்தான் தாங்க மாட்டீர்கள். அது 24.5 எச்பி. இழுவை எல்லாம் 4,000 ஆர்.பி.எம். பக்கம் இருக்கிறது. எண்பது, தொண்ணூறில் சொகுசாகப் போகும். நூற்றுப்பத்தில் பிடித்தால் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் குறுகுறுக்கும், நட்டும் போல்ட்டும் ஒவ்வொன்றாக விடைபெறும். 450-ல் 40 எச்பி, ஆறு கியர். உங்கள் உபயோகத்துக்கு அதுதான். ஆனால் எதை வாங்கினாலும் ஆனி, ஆடியில் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் போகும்போது வேகத்தைக் குறையுங்கள். காற்றாலை சும்மாவா நட்டார்கள் அங்கே? பக்கவாட்டுக் காற்றில் 21 இன்ச் முன் சக்கரமும் உயரமான வண்டியும் நன்றாகவே அலையும்.

தென்காசியிலிருந்து: எத்தனால் கலந்த பெட்ரோலால் என் 2016 வண்டிக்குக் கேடு உண்டா?

உண்டு, ஆனால் ஊர் பேசுகிற அளவுக்கு இல்லை. இப்போது பங்க்கில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஓஸை இளக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். ஓடுகிற வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து. உங்கள் ஊர்ச் சாரலில் மாதக்கணக்கில் நிறுத்தினால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், கார்புரேட்டர் ஜெட்டில் பச்சையாகப் படியும். நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வைத்து, பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடித்துவிடுங்கள். ஓஸ், ஓ-ரிங்கை இ20-க்கு ஏற்றதாக ஒரு தடவை மாற்றினால் போதும்.

திசையன்விளையிலிருந்து: புது வண்டியில் எல்லாமே சென்சார். கடல் காற்றிலும் தேரி மணலிலும் அது பிழைக்குமா அண்ணாச்சி?

சென்சார் மேல் பழி போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் பார்த்த வரை போவது சென்சார் இல்லை, கனெக்டர்தான். உப்புக் காற்றில் அதற்குள் இருக்கும் உலோக முள் பச்சை பூத்துவிடும். பழைய வண்டிக்கும் இதே கதைதான். அதைவிட மோசம், ஃபாக் லைட் மாட்டுகிறேன் என்று கடைக்காரர் ஒயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது. ‘எலக்ட்ரானிக்ஸ் சரியில்லை’ என்று வருகிற வண்டிகளில் டேங்கைத் தூக்கியதும் நான் முதலில் தேடுவது அந்தக் கறுப்பு டேப்பைத்தான். ரிலே வைத்து, தனி ஃப்யூஸோடு மாட்டச் சொல்லுங்கள். தேரிக்குள் போய் வந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், 450 என்றால் ரேடியேட்டரையும் கழுவுங்கள். பிரஷர் வாட்டர் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

களக்காட்டிலிருந்து ஒரு தங்கை: என் உயரம் ஐந்தடி இரண்டு. எது கால் எட்டும்?

411-ன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். 450-ல் 825-லிருந்து ஆரம்பம், தாழ்ந்த சீட் போட்டால் 805. எடை இரண்டுமே ஏறக்குறைய 200 கிலோ. உட்கார்ந்து பார்த்து முடிவெடுங்கள் அம்மா, மற்றவர் சொல்வது உதவாது.

பேட்டையிலிருந்து: 411-ஐ நிறுத்திவிட்டார்களே, ஸ்பேர் கிடைக்குமா?

கிடைக்கும். அதே கம்பெனியின் ஸ்க்ராம் 411 வண்டியிலும் அதே இன்ஜின்தான். இன்ஜின் சாமானுக்குக் கவலை இல்லை. விண்ட் ஷீல்டு, மீட்டர் போன்றவைதான் தாமதமாகும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: இந்த வண்டியில் மாஞ்சோலை ஏறலாமா?

வண்டி ஏறும். வனத்துறை விட வேண்டுமே! அது புலிகள் காப்பகம், அனுமதி கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆலங்குளத்திலிருந்து: பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

411-லும் முதலில் வந்த 450-யிலும் டியூப்தான். பாபநாசம் ரோட்டுப் பஞ்சர் கடைகளில் 17, 18 இன்ச் டியூப் தொங்கும், 21 கிடைக்காது. அதனால் கையில் ஒரு 21 இன்ச் டியூபை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குப் பின் டயருக்குள்ளும் அதையே மடித்துத் திணித்து, மெதுவாக வீடு வந்து சேரலாம். மறுநாள் மாற்றிவிடுங்கள்.